சின்னப் பசங்க கையில் தூண்டில் கொடுக்கலாமா?



போன மாதம் இதே பலகையில், இதே மூலையில், எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவர் சுனாமி நினைவு நாளுக்காகக் 'கடல் ஒரு எமன்' என்று கட்டுரை எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. படமும் நன்றாக வரைந்திருந்தார் (அலைக்குப் பல் வரைந்ததுதான் கொஞ்சம் ஓவர்). சின்னப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகவே கூடாது, போனாலும் மணலில் உட்கார வைத்து சுண்டல் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. நிறைய பேர் படித்துவிட்டு "கரெக்ட்டு" என்று தலையாட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எனக்கு அப்படித் தோணல. அதனால்தான் தமிழ் ஐயாவிடம் கேட்டு இந்த மாதம் அதே மூலையை வாங்கிக்கொண்டேன்.

என் வீடு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். கிழக்கே கடல். தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூர் குப்பம். நடுவில், சினிமாவில் எல்லாரும் பார்த்திருக்கிற உடைஞ்ச பாலம். அது 1967-ல் கட்டி 1977-ல் இடிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் பகுதியில் என்ன நடந்தது என்று நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அப்போது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்தத் தேதியில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஆகவே கடல் ஆபத்து என்பதை எனக்கு யாரும் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது வேறு. ஆபத்து, ஆபத்து என்று தள்ளி வைத்த பிள்ளை, பதினாறு பதினேழு வயதில் பரீட்சை முடிந்த அன்று நண்பர்களோடு மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ வருகிறானே, அப்போது என்ன செய்வான்? ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் வருகிறது. அலையில் நின்று விளையாடியவர்கள் இழுத்துச் செல்லப்பட்டார்கள் என்று. அவர்களில் யாருக்கும் யாரும் சின்ன வயதில் தண்ணியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குளிக்காதே என்ற போர்டு மட்டும்தான் இருந்திருக்கும்.

என் தம்பி இரண்டாம் வகுப்பு. ஏழு வயசு. போன கோடை லீவில் எங்க தாத்தா அவனுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தார். தாத்தா இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார். அது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், மீன் முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்று. (2017-க்கு முன்பு 45 நாள்தான்.) கட்டுமரத்துக்கும் சின்ன ஃபைபர் போட்டுக்கும் தடை கிடையாது. சரியாக நம்ம லீவும் அப்போதுதான் வருகிறது.

முதல் நாள் தம்பி தூண்டில் கேட்டான். தாத்தா கொடுக்கவில்லை. "இன்னைக்கு அலைய மட்டும் எண்ணு" என்றார். காலை ஆறரை மணி. கரைக்காத்து, கடல் அடங்கியிருந்தது. காய்ந்த மணலில் காலால் ஒரு கோடு போட்டு "இத்தத் தாண்டுனா வூட்டுக்குப் போய்டணும்" என்றார். இவனும் உட்கார்ந்து எண்ணினான். எண்ணியதில் அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான். "தாத்தா, அந்த இடத்துல மட்டும் அலையே உடையல, ஏன்?"

அதுதான் விஷயம்! கரையில் ஏறின தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமல்லவா? அது ஒரு வாய்க்கால் மாதிரி சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். தெரியாதவன் 'இங்கதான் அலை கம்மி' என்று அங்கேதான் இறங்குவான். மாட்டினால் எதிர்த்து நீந்தக்கூடாது, கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அதை விட்டு வெளியே வரவேண்டும். இதைத் தம்பி ஏழு வயதில், பாடப் புத்தகம் இல்லாமல், ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டான். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும், மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் தங்கூஸ் நரம்பும் ஈயக்குண்டும் மட்டும், முள் இல்லை. நரம்பைக் காலி தண்ணி பாட்டிலில் சுற்றி வைத்திருந்தார். வீசுவது தாத்தா, பிடிப்பது தம்பி. நரம்பு நேராக நிற்காமல் வடக்குப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. கோடையில் நம் கரையோரத்தில் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், அப்படியே திரும்பி வடக்கிலிருந்து தெற்கு. புவியியலில் நான் நீரோட்டம் பற்றி ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது என் வீட்டு வாசலிலேயே ஓடுகிறது என்பது தம்பி கையில் இருந்த நரம்பைப் பார்த்துத்தான் உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் முள். அதிலும் கொக்கியின் உள்முனையைக் குறடு வைத்து நசுக்கிவிட்டார். மீனுக்கும் கிழியாது, பையன் விரலில் ஏறினாலும் சுலபமாக வந்துவிடும். ஈர மணலில் அலை திரும்பும்போது சட்டென்று புதைகிற சின்னப் பூச்சி இருக்கிறதே, நண்டு ஜாதி, அதைத் தோண்டி எடுத்து இரை. தம்பிக்கு மீனைவிட அந்தப் பூச்சியைத் தோண்டுவதில்தான் குஷி.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் விரலில் ட்டுக் ட்டுக் என்று தட்டியது. அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! வந்தது ஒரு கிழங்கான், என் விரல் நீளம்கூட இல்லை. தாத்தா அவன் கையைக் கடல் தண்ணியில் நனைக்கச் சொன்னார். காய்ந்த கையால் பிடித்தால் மீன் மேலே இருக்கிற வழவழப்பு போய்விடும், பிறகு அது பிழைக்காது. நனைத்துப் பிடித்து, முள்ளை எடுத்து, "உட்டுடு" என்றார். தம்பி அழுதுவிட்டான். மொத மீனு கடலுக்கு, அதுவும் குஞ்சு மீனு கண்டிப்பா கடலுக்கு. அது அவர் சட்டம்.

இதில் நான் அசட்டுத்தனம் செய்ததையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி வந்து இந்தப் பலகையிலேயே எழுதுவான். அடுத்த வாரம் ஒரு கெளுத்தி மாட்டியது. "அண்ணா, தொடாத, முள்ளு இருக்கு" என்று அவன் கத்தினான். எனக்குத் தெரியாததா என்று பிடித்தேன். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். விஷம் உண்டு. உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டு வரை வலி. தாத்தா திட்டிக்கொண்டே தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை முக்கச் சொன்னார், வலி மெதுவாக இறங்கியது. சொல்லிக்கொடுத்ததைக் கேட்டவன் ஏழு வயசுப் பையன், குத்து வாங்கினவன் ஒன்பதாம் வகுப்பு. திருக்கையின் வால், ஊதிப் பெருக்கிற பேத்தை (அழகாக இருக்கும், தின்றால் ஆளையே கொல்லும்), கரை ஒதுங்கின சொறி, இதெல்லாம் இப்போது அவனுக்குப் பெயர் சொல்லித் தெரியும். நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மீன் என்றால் வஞ்சிரம், அதுவும் வட்டமாக வெட்டின துண்டு.

மாட வீதியில் இருக்கிற என் நண்பன் சைவம். அவனும் ஒருநாள் வந்தான், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "பாவம் இல்லையாடா?" என்றான். நியாயமான கேள்வி. மீனுக்கு முள் குத்துகிறது, இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் பங்குனி மாதம் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் வலம் வருகிறார்களே, அதில் அதிபத்த நாயனார் யார்? நாகப்பட்டினத்து மீனவர். தினமும் ஒரு மீனைச் சிவனுக்கு என்று கடலில் திருப்பி விட்டவர். இதை நான் சொன்னதும் அவன் சிரித்துவிட்டு, "அப்ப நான் விடற டிபார்ட்மென்ட்" என்றான். அன்றைக்கு மூன்று மீனைக் கை நனைத்து அவன்தான் கடலில் விட்டான். தின்பதும் தின்னாததும் அவரவர் வீட்டு விஷயம். உயிரோடு இருக்கிற மீனை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்காமலே கடலைக் காப்போம் என்று போஸ்டர் வரைகிறோமே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

எட்டாம் வகுப்புத் தம்பி சொன்னதில் ஒன்று சரி. தெரிந்தவரையும் கடல் விடாது. எலியட்ஸ் பீச்சில் இருக்கிற வெள்ளை மண்டபம் என்ன என்று யாருக்காவது தெரியுமா? 1930 டிசம்பரில், தண்ணீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட் நினைவாகக் கட்டியது. மாலுமிக்கே அந்தக் கதி. அதனால்தான் தாத்தாவின் கோடு, காய்ந்த மணலில். முகத்துவாரத்தில் சின்னப் பிள்ளைகளை அவர் விடுவதே இல்லை. அங்கே மணல்திட்டு வாராவாரம் இடம் மாறும், போன வாரம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த வாரம் ஆளை முழுக்கும். போதாக்குறைக்கு ஊர்ச் சாக்கடை வேறு.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். என் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

அப்பா இப்பவும் கடலுக்குப் போகிறவர். தம்பி கையில் நரம்பைப் பார்த்த அன்று ராத்திரி தாத்தாவிடம் கேட்டார். "இவனையும் கடலுக்கே அனுப்பலாம்னு இருக்கியா?" வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. டீசல் விலை, வெறும் வலையோடு திரும்பி வருகிற நாள், புயல் எச்சரிக்கை வந்தால் வேலையே இல்லாத வாரம், எல்லாவற்றையும் அனுபவிக்கிறவர் அவர். படித்து ஆபீஸ் வேலைக்குப் போ என்று என்னை அனுப்புகிறார். பள்ளிக்கூடத்துக்கு வந்தால், மீன் வாசனை அடிக்குது என்று பெஞ்சில் நகர்ந்து உட்காருகிறவர்களும் இருந்தார்கள் (இப்போது இல்லை). அதனால் நானே ரொம்ப நாள், அப்பா என்ன வேலை என்று கேட்டால் "பிசினஸ்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தாத்தா ஒன்று சொன்னார். "தொழிலுக்கா கத்துத் தர்றேன்? சைக்கிள் ஓட்டக் கத்துக்குனவன்லாம் சைக்கிள் ரேசுக்கா போறான்?" அப்பா பதில் சொல்லவில்லை. காலையில் எழுந்து, நீச்சல் தெரிகிற வரை கோட்டைத் தாண்டக்கூடாது என்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் இன்னும் "நீ படி" தான்.

நம் பள்ளியில் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போகிறோம். நல்லதுதான். ஆனால் பஸ் பிடித்துப் போய்ப் பாம்பைப் பார்க்கிற நாம், நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கடலை விட்டுவிடுகிறோம். சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. 1947-ல் ஆரம்பித்த நிறுவனம். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள் எத்தனை பேர் அந்த போர்டைப் படித்திருக்கிறீர்கள்? அமெரிக்காவில் பல மாநிலங்களில் வருஷத்தில் சில நாள் லைசென்ஸ் இல்லாமலே தூண்டில் போடலாம் என்று அரசாங்கமே விடுகிறதாம், குடும்பத்தோடு பிள்ளைகள் வந்து பழகட்டும் என்று. நமக்குக் கரையில் உட்காரத் தாத்தாக்கள் இருக்கிறார்கள், அதற்கு லைசென்ஸும் வேண்டாம்.

தலைமையாசிரியர் அவர்களிடம் நானும் நண்பனும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை முதல் எட்டரை. பிப்ரவரி, மார்ச்சில் கடல் கொஞ்சம் சாது. ஒரு தடவைக்குப் பத்துப் பிள்ளைகள் போதும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர். வீட்டிலிருந்து கையெழுத்துப் போட்ட கடிதம் கட்டாயம். செருப்பு, தொப்பி, தண்ணி பாட்டில். தாத்தாவும் அவர் கூட்டாளிகள் மூன்று பேரும் வரச் சம்மதித்துவிட்டார்கள், டீயும் பன்னும் மட்டும் கேட்டார்கள். பாட்டிலில் சுற்றின நரம்பு பத்து தயாராக இருக்கிறது, முள் எல்லாம் நசுக்கியாகிவிட்டது. தலைமையாசிரியர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். 'முடியாது' என்று சொல்லவில்லை.

விருப்பம் உள்ளவர்கள் 9 'ஆ' வகுப்பில் பெயர் கொடுக்கலாம். எட்டாம் வகுப்புத் தம்பியும் அவசியம் வரவேண்டும், ஸ்கெட்ச் பேனாவும் கொண்டு வரட்டும். அலைக்குப் பல் இருக்கிறதா என்று நேரில் பார்த்து அடுத்த மாதம் இன்னொரு படம் வரையலாம்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்