ஆமை புகுந்த வீடு

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்பார்கள் தோட்டத்துப் பாட்டிகள். நம் மலைக்காடுகளில் வாழும் ஆசியப் பேராமையின் தாய்ப்பாசத்தைப் பார்த்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பார்களோ என்னவோ!

30 கிலோவையும் தாண்டி வளரக்கூடிய நில ஆமை இது. தொடையில் பெரிய முட்கள் நீட்டிக்கொண்டிருப்பதால் ‘ஆறுகால் ஆமை’ என்றும் பெயர். பெரும்பாலான ஆமைகள் மண்ணைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இதுவோ சருகுகளைக் கூட்டிக் குவித்து, அதற்குள் முட்டையிட்டு, பல நாள் காவல் காக்கும்.

காடு அழிவதாலும், கறிக்கும் வளர்ப்புக்கும் பிடிக்கப்படுவதாலும் இந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

பாலிங், சிக் பக்கம் காட்டோரச் சாலையில் ஆமையைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அது போகும் திசையிலேயே சாலையைக் கடத்திவிடுங்கள். அடிபட்டிருந்தால் பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். அதன் வீட்டுக்குள் புகுந்தவர்கள் நாம்தானே!