பினாங்கு போகும் படகு எது?

கேம்பல் பே கரையில் நின்று தென்கிழக்கே பார்த்தால் கடலைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் திசையில் சுமார் 200 கி.மீ. தொலைவில் சபாங் துறைமுகம் இருக்கிறது. சுமத்ராவின் வடமுனையை ஒட்டிய சிறு தீவில் உள்ள இந்தோனேஷியத் துறைமுகம் அது. கேம்பல் பே மக்களுக்கு போர்ட் பிளேரைவிட சபாங் பக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள கடல்வழியாகத்தான் மலாக்கா ஜலசந்திக்குப் போகும் கப்பல்கள் செல்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது பினாங்கிலிருந்து வேட்டைக்குக் கிளம்பிய ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கும் இதுவே வாசல்.

அந்த வாசலை இன்று வீட்டு மேஜையில் உட்கார்ந்தே கடக்கலாம். ‘சைலன்ட் ஹன்டர்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வரிசையின் மூன்றாம் பாகம் 2005இல் வந்தது. அதில் ஆடுபவர் ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டன். 2007இல் வந்த நான்காம் பாகம் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகள் நடத்திய போரைப் பற்றியது. 2008இல் அதற்கு வெளியான இணைப்பு, ஜெர்மன் படகுகளை இந்தியப் பெருங்கடலுக்குக் கொண்டு வந்தது.

இந்த விளையாட்டில் ஊறியவர்களிடையே ஒரு தீராத வழக்கு உண்டு. ஏழாம் ரகம் சிறந்ததா, ஒன்பதாம் ரகமா?

ஏழாம் ரகத்தில் அதிகம் கட்டப்பட்ட 7-சி, 67 மீட்டர் நீளம், 769 டன். 14 டார்பிடோக்களை எடுத்துச் செல்லும். பழகிய மாலுமிகள் இருந்தால் அரை நிமிடத்தில் நீருக்குள் மறைந்துவிடும். ஒன்பதாம் ரகத்தின் 9-சி, கிட்டத்தட்ட 77 மீட்டர், 1,120 டன், 22 டார்பிடோக்கள். ஆனால் அகன்ற மேல்தளத்துடன் அது மூழ்க மேலும் சில விநாடிகள் ஆகும். சில விநாடிதானே என்று தோன்றலாம். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் ஐந்து விநாடியில் 400 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். அதனால்தான் அட்லாண்டிக்கில் கான்வாய்களைத் துரத்துபவர்கள் ஏழாம் ரகத்தையே விரும்புகிறார்கள்.

இந்தியப் பெருங்கடலில் இந்த வாதம் எடுபடாது. இங்கே முதல் கேள்வி, படகு வந்து சேருமா என்பது. பிரான்ஸ் கரையிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பினாங்குக்கு வர 11,000 கடல் மைலுக்குக் குறையாது. மணிக்கு 10 கடல் மைல் என்ற சிக்கன வேகத்தில் போனாலும் 7-சியின் எண்ணெய் 8,500 மைலில் தீர்ந்துவிடும். 9-சி 13,000 மைலுக்கு மேல் ஓடும். நெடும்பயணத்துக்கென்றே கட்டப்பட்ட 9-டி2 அதே வேகத்தில் 30,000 மைலையும் தாண்டும். அதாவது பினாங்கு வந்து, வேட்டையாடி, ஊர் திரும்பலாம்.

காகிதத்தில் கணக்கு சரி. கடலில் நடந்தது வேறு. 1943 கோடையில் ‘மான்சூன்’ என்ற பெயரில் ஜெர்மனி அனுப்பிய 11 படகுகளில் பினாங்கை அடைந்தவை 4 மட்டுமே. பெரும்பாலானவை வழியிலேயே மூழ்கடிக்கப்பட்டன. எண்ணெய் தர வேண்டிய படகுகளும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. பினாங்கு வாசலிலும் ஆபத்து காத்திருந்தது. 1944 பிப்ரவரியில் பிரிட்டனின் ‘டாலி-ஹோ’ நீர்மூழ்கி, இத்தாலியரிடமிருந்து ஜெர்மானியர் கைப்பற்றிய ஒரு படகை மலாக்கா ஜலசந்தியில் வீழ்த்தியது.

ஒன்பதாம் ரகத்தில் இந்தியருக்கு மிகவும் தெரிந்த படகு யு-180. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து சுபாஷ் சந்திர போஸையும் ஆபித் ஹசனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது அதுதான். 9-டி1 என்ற அந்த வகையில் கட்டப்பட்டவை இரண்டே. அதிவேகப் படகுகளுக்கான ஆறு டீசல் இன்ஜின்களை அதில் பொருத்தியிருந்தார்கள். அவை புகை கக்கின, சூடேறின. பின்னர் அவற்றைக் கழற்றிவிட்டு யு-180ஐ சரக்குப் படகாக்கினார்கள். ரகங்களை ஒப்பிடும் எந்தப் போட்டியிலும் அது தேறாது. ஆனாலும் ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கர் அருகே ரப்பர் மிதவையில் போஸை ஜப்பானின் ஐ-29க்கு அனுப்பிவைத்தது. மே மாதம் அவர் கரையிறங்கிய இடம், கேம்பல் பேக்கு எதிரே உள்ள அதே சபாங்.

ஐ-29க்கு இன்னொரு கதையும் உண்டு. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 1942 நவம்பர் 23 அன்று, மும்பையிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன ‘திலாவா’ பயணிக் கப்பலை அது மூழ்கடித்தது. 958 பேரில் 280 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

படகின் குணம் அதில் இருப்பவர்களை எதுவரை தள்ளும் என்பதற்கு யு-852 சாட்சி. இந்தியப் பெருங்கடலை நோக்கி வந்த 9-டி2 அது. 1944 மார்ச் 13 அன்று தென் அட்லாண்டிக்கில் ‘பீலியஸ்’ என்ற கிரேக்க சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. பிறகு கேப்டன் ஹைன்ஸ்-வில்ஹெல்ம் எக், மிதந்த சிதைவுகள் மீதும் மிதவைகள் மீதும் இயந்திரத் துப்பாக்கியால் சுட உத்தரவிட்டார். அந்த மிதவைகளில் உயிர் தப்பிய மாலுமிகள் இருந்தார்கள். 35 பேரில் பிழைத்து மீட்கப்பட்டவர்கள் மூன்றே பேர். எக் நீதிமன்றத்தில் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சிதைவுகளை விமானம் கண்டால் தன் படகு மாட்டிக்கொள்ளும் என்றார். பெரிய, மெதுவாக மூழ்கும் அந்த ரகப் படகுகள் அதே பகுதியில் ஏற்கனவே பலியாகியிருந்தன. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. எக்கும் இரண்டு அதிகாரிகளும் 1945 நவம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆட்டத்தில் சில விநாடித் தாமதமாகத் தெரியும் குறை, அங்கே கொலைக்குச் சாக்காகியிருந்தது.

விளையாட்டு இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. வெற்றியை அது டன்னில் அளக்கிறது. இதில் அதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜெர்மன் கடற்படையும் தன் கேப்டன்களை டன் கணக்கில்தான் எடைபோட்டது. ஆனால் அந்த டன்களுக்குள் ஆட்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்களிலும், தளத்தில் கயிறு இழுத்தவர்களிலும் பெரும் பகுதியினர் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள். டார்பிடோ தாக்கும்போது அடித்தளத்தில் இருப்பவருக்குத் தப்ப வழி குறைவு. கடலே கல்லறையான 6,000க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளுக்கு மும்பை மஸ்ஜித் பந்தரில் நினைவிடம் இருக்கிறது. போரின் ரகங்களை ஒப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

2008 இணைப்பில் பதினெட்டாம் ரகம் என்ற படகும் கிடைக்கிறது. நீருக்கடியில் மணிக்கு 24 கடல் மைல் வேகத்தில் பாய வேண்டும் என்று வரைபடத்தில் திட்டமிட்ட படகு. 1944இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை. பிறக்காத படகுக்கு இடம் கொடுத்த விளையாட்டு, அடுத்த பாகத்தில் மூழ்கும் கப்பலின் மாலுமிப் பட்டியலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். டன் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே.