முதலாளியின் மனத்திலுள்ள பேரேடு

கிழக்கே கடலும் ஏனைய மூன்று திசைகளிலும் தமிழ்நாடும் சூழ்ந்த காரைக்காலில், தலத்தெரு வியாபாரி ஒருவர் பக்கத்திலுள்ள தரங்கம்பாடிக்குச் சிமெண்டு மூட்டைகளை ஏற்றி அனுப்பினாலும், 2017 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் பார்வையில் அது புதுச்சேரிப் பிரதேசத்தின் எல்லை கடந்த விற்பனையே. ஆகவே வரி, மாநிலங்களுக்கிடையேயான விற்பனைக்குரிய ஐ.ஜி.எஸ்.டி. ஆகிறது, மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், 2018 ஏப்ரல் தொடங்கி, சரக்குடன் செல்லும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் அவசியமாகிறது. பெரிய கம்பெனிகளுக்கே உரியதென்று கருதப்பட்ட கணக்கு ஒழுங்கு, இவ்வாறு எல்லையோரச் சிறு கடைக்கும் அன்றாடக் கடமையாகிவிட்டது.

அந்தப் பில்லுக்கு வேண்டிய விவரங்களோ மூவரிடம் சிதறிக் கிடக்கின்றன. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் முதலாளியின் செல்போனில்; ஏற்றிய மூட்டைக் கணக்கு கிடங்குக்காரரின் துண்டுச் சீட்டில்; லாரி நம்பர் டிரைவருக்கு மட்டுமே தெரியும். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவரையும் போனில் பிடித்துக் கேட்டு முடிக்கும் வரை, தார்ப்பாய் கட்டிய லாரி வாசலிலேயே நிற்கிறது.

இந்தச் சிதறலைத் தீர்க்கவல்ல, பலர் கூடி ஒரே ஏட்டில் எழுதும் சாதனம் புதிதன்று. வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் எவரும் திருத்தக்கூடிய 'விக்கி' பக்கத்தை 1995-லேயே இணையத்தில் வைத்தார். 2005-ல் ஜோஹோ ரைட்டரும், மறு வருஷம் கூகுளின் விரிதாளும் வந்தன. அந்த ஜோஹோ ஸ்தாபனம் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலிருந்தும் வேலை நடத்துகிறதென்றால், ஊரின் சிறுமை ஒரு தடையாகாது.

"வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே" என்பார்கள். அதில் காலையில் சொன்ன எண்ணிக்கை மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. பொது ஏட்டிலோ சரியான எண் ஒன்றே நிற்கும், அதை யார், எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகும்.

உண்மையான தடை முதலாளியின் அச்சத்தில் இருக்கிறது. கொள்முதல் விலை தெரிந்த பையன் நாளை எதிர்க்கடை போடுவான் என்ற அந்த அச்சம் அனுபவத்தில் பிறந்தது. அதை அறியாமை என்று தள்ளுவது நியாயமாகாது. ஆனால் கொள்முதல் விலையைத் தனிக் கோப்பில் தம்மிடமே வைத்துக்கொண்டு, இருப்பு, லாரி, வாடிக்கையாளர் விவரங்களை மட்டும் மற்றவர்களுக்குத் திறந்துவிட யார் தடுக்கிறார்கள்?

மாவட்டத் தொழில் மையம் இந்தப் பொது ஏட்டைப் பழக்க மாலை வகுப்பு நடத்தலாம். ஒரே கடையின் முதலாளி, கணக்கப்பிள்ளை, கிடங்குக்காரர் மூவரும் சேர்ந்தே வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கணக்கப்பிள்ளையை மட்டும் அனுப்பிவைக்கும் கடையில், அந்த ஏடு ஒரு மாதத்துக்குள் காலியாகக் கிடக்கும்.