உயர்வு நவிற்சியும் ஓடும் கால்களும்

வகுப்பறையில் அணியிலக்கணம் நடத்தும்போது உயர்வு நவிற்சிக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் அலைவதில்லை. மனித உடலால் ஆகாத செயல் ஒன்று பழைய நூலில் வந்தால் உடனே அப்பெயரைச் சூட்டிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். ஆகாது என்று அளந்து சொன்னவர் யார் என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் செய்தி ஒன்றும் அப்படி ஒதுக்கிவிடத் தக்கதாகவே தோன்றும். கி.மு. 490இல், மாரத்தான் போருக்கு முன்பு, உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து புறப்பட்ட தூதன் மறுநாளே ஸ்பார்ட்டாவை அடைந்தான் என்கிறார் அவர். தொலைவோ ஏறத்தாழ 246 கிலோமீட்டர். 1982இல் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஜான் ஃபோடன், தம் தோழர்களுடன் அவ்வழியே ஓடிப் பார்த்தார். அக்குழுவில் ஒருவர் முப்பத்து நான்கரை மணி நேரத்தில் ஸ்பார்ட்டாவை அடைந்தார். அணியென்று எண்ணியது செய்தியாகவும் இருக்கலாம் என்றாயிற்று.

மறு ஆண்டே அந்தப் பாதையில் ஸ்பார்ட்டத்லான் போட்டி தொடங்கியது. கிரேக்கரான யியானிஸ் கூரோஸ் 22 மணி நேரத்திற்குள் ஓடி முடித்தார். அவருக்கு முதலில் கிடைத்தது, ஏமாற்றியிருப்பாரோ என்ற ஐயம். 1984இல் மீண்டும் வந்து 20 மணி 25 நிமிடத்தில் ஓடினார். அவ்வழியை அதனினும் விரைவாக ஒருவர் கடக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஐயம்தான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நாம் வகுத்த எல்லையைத் தாண்டியவனை முதலில் பொய்யன் என்கிறோம்; மெய்யென்று தெரிந்தபின் தெய்வப் பிறவி என்கிறோம். இரண்டு வழியிலும் நம் பழைய அளவுகோல் பிழைத்துக்கொள்கிறது.

கூரோஸும் இதற்கு விலக்கல்லர். 1997இல் 24 மணி நேரத்தில் 303.506 கிலோமீட்டர் ஓடிய அவர், அச்சாதனை நூற்றாண்டுகள் நிற்கும் என்று கருதினார். அது 24 ஆண்டுகள்கூட நிற்கவில்லை. உடல் எடையைக் குறைப்பதற்காக முப்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கிய லித்துவேனியர் அலெக்சாண்டர் சொரோகின் 2021இல் 309.399 கிலோமீட்டரும், 2022இல் 319.614 கிலோமீட்டரும் ஓடினார்.

ஆகவே மனிதனுக்கு எல்லையே இல்லை என்று முழங்குவோரோடும் நமக்கு உடன்பாடில்லை. கால் நூற்றாண்டில் கூடியது 16 கிலோமீட்டர். நூற்றுக்கு ஐந்து என்ற அளவு. பசியும் உறக்கமும் தசையும் உள்ளவரை உடலுக்கு எல்லை இருக்கவே செய்யும். அது எங்கே என்பதுதான் நமக்குத் தெரியாது. ஓடிய கூரோஸாலேயே தாம் வந்து நின்ற இடத்தைத்தான் காட்ட முடிந்தது. கரையில் நிற்பவர் கிழிக்கும் கோட்டிற்கு என்ன மதிப்பு?

இது ஓட்டக்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்வியாக நமக்குப் படவில்லை. 'இவனால் இவ்வளவுதான்' என்று ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் எத்தனை பெயர்களுக்கு எதிரே எழுதாமல் எழுதி வைக்கிறோம்! மதிப்பெண் பட்டியல் ஒரு மாணவன் இன்று நிற்கும் இடத்தைச் சொல்லும், அவ்வளவே. எதிர்பாராத நல்ல விடை ஒன்றை அவன் எழுதிவிட்டால், யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்பவர்களும் நாம்தாம். அடுத்த முறை அந்தக் கேள்வி நாவில் எழும்போது, 1983இல் ஸ்பார்ட்டாவில் களைத்து வந்து நின்றவரைச் சற்று நினைத்துக்கொள்வோம்.