ஊசிக்கு அஞ்சி ஸ்கேனுக்கு ஓடலாமா?

நம் தீவுகளில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தால், பெரும்பாலும் முதலில் நடப்பது அதை மறைப்பதுதான். கணவரிடம்கூடச் சில வாரங்கள் சொல்வதில்லை. பிறகு சென்னையிலிருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் யோசனை சொல்வார்: "அங்கே ஊசி எதுவும் குத்த விடாதீர்கள். இங்கே வந்து ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்." அதற்குப்பின் கப்பல் டிக்கெட், பிள்ளைகளின் பரீட்சை, விடுப்பு, பணம் என்று மாதங்கள் ஓடிவிடும். யோசனை சொன்னவருக்கு நல்லெண்ணம்தான். ஆனால் அந்த யோசனையில் பாதி தவறு, அந்தப் பாதிதான் ஆபத்தானது.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரயிலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ரயில் கதை பேசுகிறாரே என்று வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் வெளியே தெரியாத பழுதைக் கருவி வைத்துத் தேடுவது எங்கள் அன்றாட வேலை. நமக்குத் தெரிந்த குடும்பங்களில் இரண்டு பெண்களுக்காகச் சென்னை வரை துணைக்குப் போய் வந்ததில், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் உண்டு.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது ஒரு பெரிய காந்தம். ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருப்பது 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப் புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையைக் கொண்டு படம் வரைகிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. மார்பகத்துக்கு எடுக்கும்போது நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, கையிலுள்ள ரத்தக் குழாயில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் அடுத்தடுத்துப் படங்கள் எடுப்பார்கள். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவை ஒழுக்கல் குழாய்கள். ஆகவே மருந்து அங்கே வேகமாகப் பாயும், பல சமயம் வேகமாக வடிந்தும் விடும். சாதாரணக் கட்டியில் பெரும்பாலும் மெதுவாக ஏறும்.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. இளம்பெண்களுக்கு வரும் ஃபைப்ரோ அடினோமா என்ற சாதுவான கட்டியும் மருந்தை வாங்கும். வீக்கமும் வாங்கும். மாதவிலக்கின் சில நாட்களில் நோயே இல்லாத மார்பும் வாங்கும். ஆகவே இந்தப் பரிசோதனை புற்றுநோயைத் தவறவிடுவது குறைவு. இல்லாததை இருப்பதாகச் சந்தேகிப்பது அதிகம். தண்டவாளத்தைச் சோதிக்கும் அல்ட்ராசானிக் கருவியில் கெயினை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் நல்ல தண்டவாளத்திலும் எதிரொலி தெரியும். வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள்.

வெளிநாட்டு ஆய்வுகள் இரண்டு இந்த இடத்தில் பயன்படும். பிரிட்டனில் காமைஸ் என்ற ஆய்வில், புற்றுநோய் உறுதியாகி அறுவைக்குக் காத்திருந்த 1,623 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு 2010-இல் வந்தது. மறுபடி அறுவை செய்ய நேர்ந்தது இரு பிரிவிலும் நூற்றுக்கு 19 பேருக்கு, வித்தியாசமே இல்லை. நெதர்லாந்தில் 2019-இல் வெளியான டென்ஸ் ஆய்வோ, மாம்மோகிராமில் உள்ளே ஒன்றும் தெரியாத அளவுக்கு மிக அடர்த்தியான மார்பகம் கொண்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே உதவுகிறது என்று காட்டியது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே தலைகாட்டும் புற்றுநோய், எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்ட பிரிவில் ஆயிரத்துக்கு 5-லிருந்து 2.5-ஆகக் குறைந்தது. ஆக, யாருக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. பரம்பரையாக பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ளவர்கள், அக்குளில் நெறிகட்டி அதில் புற்று என்று உறுதியாகியும் மார்பில் மூலம் கிடைக்காதவர்கள், அறுவைக்கு முன் மருந்து கொடுத்துக் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள், மாம்மோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பவர்கள் - இவர்களுக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார். அப்போது செலவைப் பார்க்காமல் எடுங்கள்.

கையில் தட்டுப்படும் ஒரு கட்டிக்கு வழி வேறு. டாக்டர் கையால் பார்ப்பது, மாம்மோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் எடுப்பது, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. இந்த மூன்றும்தான். படத்தில் சந்தேகம் வந்தபின் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் ஊசிப் பரிசோதனை ரத்தாகாது. அது எம்.ஆர்.ஐ. கொடுக்க முடியாத இன்னொன்றையும் கொடுக்கிறது. புற்று என்றால் எந்த வகை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா, ஹெர்-2 உண்டா என்பது சதைத் துண்டில்தான் தெரியும். எந்த மருந்து என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஊசி குத்தினால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து கூடும் என்ற பயம் நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தால் ஊசி வேண்டாமென்று கட்டியையே நேரடியாக அறுத்தெடுத்துவிட்டு, பிறகு புற்று என்று தெரிந்து இரண்டாம் முறை அறுவைக்குப் படுத்தவர்கள் உண்டு.

ரயில்வேயில் கண்டுபிடித்த பழுதைத் தரம் பிரிப்போம். உடனே அகற்ற வேண்டியதற்குத் தண்டவாளத்தில் சிவப்பு பெயிண்டால் மூன்று பெருக்கல் குறி. 3 நாட்களுக்குள் மாற்றியாக வேண்டும், அதுவரை வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்து போகும். கண்காணிக்க வேண்டியதற்கு ஒரு குறி. மார்பகப் படங்களின் ரிப்போர்ட்டிலும் இப்படியே பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 3 என்றால் பெரும்பாலும் சாது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4 என்றால் சந்தேகம், 5 என்றால் பலத்த சந்தேகம், இரண்டுக்கும் ஊசி. ரிப்போர்ட்டை வாங்கியவுடன் அந்த எண் என்ன என்று கேளுங்கள். எங்களுக்கு 3 நாள் என்று சட்டம் இருந்தது. வீட்டில் அப்படி யாரும் கெடு வைப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை.

2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். நம் ஆட்கள் கச்சாலிலும் கேம்ப்பெல் பேயிலும் இருக்கிறார்கள். அவர்கள் போர்ட் பிளேர் வந்து சேர்வதே ஒரு கப்பல் பயணம், அங்கிருந்து சென்னைக்கு இன்னும் சுமார் மூன்று நாள். ஒவ்வொரு தீவுக்கும் பெரிய காந்தம் போகாது. பயிற்சி பெற்ற கை போகும். மும்பையில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 1998-இல் தொடங்கிய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்து, பாதிப் பேரை சுகாதாரப் பணியாளர்களே கையால் பரிசோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. அதற்குக் கீழ் வயதில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் சங்கம் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றப் பேச்சாளர்களை விமானத்தில் அழைத்து வருகிறது. வேண்டாமென்று சொல்லவில்லை, நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவன்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெண் டாக்டரையும் இரண்டு நர்ஸ்களையும் வெளித்தீவுகளுக்கு அனுப்புகிற செலவையும் அதே பட்ஜெட்டில் சேர்த்துப் பார்க்கலாம். சந்தேகப்பட்டவருக்கு இங்கேயே அல்ட்ராசவுண்டும் ஊசியும் எங்கே, என்றைக்கு என்று விசாரித்துச் சொல்ல மகளிர் அணியில் ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

சென்னைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், பலரும் தேடிப்போவது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் ஏற்படுத்தியது அது. எங்கே போனாலும் வெறும் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். படங்களையே கேட்டு வாங்குங்கள். இங்கே ஊசி குத்தியிருந்தால் அந்தக் கண்ணாடி ஸ்லைடுகளையும், சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் லேபில் கேளுங்கள்; அங்கே மறுபடி பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருந்தால் கடைசி மாதவிலக்குத் தேதியையும், சிறுநீரகக் கோளாறு உண்டா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். கழற்ற மனமில்லாதவர்கள் அன்றைக்கு வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அவை இரும்பு, அந்தக் காந்தம் இழுக்கும்.