புள்ளைய எடை போடுங்க, தாயை எடை போடாதீங்க

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க (சரி சரி, ஒருத்தர்தான்). விஷயம் வேற ஒண்ணுமில்ல, தாய்மாமன் ஆயிட்டேன்! தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. தலைப்பிரசவம்கிறதால பாம்பன்ல எங்க வீட்டுக்கு வந்திருந்தா. இனிப்பு எல்லாருக்கும் உண்டு. ஆனா இந்தப் பதிவு இனிப்பு பத்தி இல்ல. முதல் இருபது நாள் எங்க வீடு பட்ட பாட்டைப் பத்தி.

பொறக்கும்போது பாப்பா 2 கிலோ 600 கிராம். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்புறப்ப 2 கிலோ 390. சீட்டுல ரெண்டு நம்பரும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. ஏன் குறைஞ்சிருக்குன்னு நாங்களும் கேக்கல, யாரும் சொல்லவும் இல்ல. வீட்டுக்கு வந்து தொட்டில் கட்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சு. பார்க்க வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு வார்த்தை. "என்னத்தா, புள்ள நெத்திலி மாதிரி கெடக்கு?" "பாலு பத்தலையோ?" "நாங்கல்லாம் பெத்தப்ப இப்படியா இருந்துச்சு?" சொல்லிட்டு, காப்பிய குடிச்சிட்டு, போயிருவாங்க. இவ உள்ள போயி அழுவா.

பன்னெண்டாம் நாள் நிறுத்துப் பார்த்தோம். 2 கிலோ 410. எட்டு நாள்ல வெறும் 20 கிராம். அன்னைக்குச் சாயங்காலமே அவ மாமியார் தங்கச்சிமடத்துல இருந்து ஒரு பால்பவுடர் டப்பாவும் புட்டியும் வாங்கிட்டு வந்துட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். பேத்திக்கு என்னமோ ஆயிருமோன்னு பயம், அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தங்கச்சி என்னை எழுப்பி, "அண்ணே, எம்புள்ளைய நானே பட்டினி போட்டுட்டேனாண்ணே?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அதுக்கப்புறம் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் விஷயம். பொறந்த எந்தக் குழந்தையும் முதல் சில நாள்ல எடை குறையும். உடம்புல இருக்கிற கூடுதல் தண்ணி வெளியேறுறதால. பொறந்த எடையில ஏழு சதவீதம் வரைக்கும் சாதாரணம். பத்து சதவீதத்தைத் தாண்டினா டாக்டர் கண்டிப்பா பார்க்கணும். நடுவுல இருந்தா பால் குடிக்கிறதைக் கவனிக்கணும். விட்ட எடைய பத்து நாள்ல இருந்து பதினாலு நாளுக்குள்ள பிடிச்சிரும். அதுக்கப்புறம் மூணு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்குச் சுமாரா 20லேர்ந்து 30 கிராம் ஏறணும்.

இந்தக் கணக்குப்படி, நாலாம் நாள் 2 கிலோ 390ங்கிறது எட்டு சதவீதக் குறைவு. ஊரே அலறின அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. உண்மையிலயே கவனிக்க வேண்டியது பன்னெண்டாம் நாள் கணக்கு. அதாவது பயப்பட வேண்டாத நேரத்துல எல்லாரும் பயந்தோம். பார்க்க வேண்டியதை மட்டும் ஒருத்தரும் பார்க்கல. அது என்ன? பாப்பா எப்படிப் பால் குடிக்குதுங்கிறது. அத்தனை பேரு வந்தோமே, ஒருத்தர் கூட அதைப் பார்க்கல!

எங்கப்பா மீன் ஏலக்கூடத்துல காலம் பூரா தராசோட மல்லுக்கட்டினவரு. அவரு கேட்ட கேள்விதான் முதல் உருப்படியான கேள்வி. "ரெண்டு தடவையும் ஒரே தராசாடா? துணியோடவா, துணி இல்லாமலா?" எங்க யாருக்கும் தெரியல. நூறு கிராம் ஏறிச்சா இறங்குச்சான்னு பேசுற இடத்துல, ஒரு சட்டையும் ஈரத்துணியும் கணக்கையே மாத்திரும். ஒரே மெஷின், துணி இல்லாம. இதை மனசுல வச்சுக்கங்க.

மறுநாள் கிராம சுகாதார நர்சம்மா வந்தாங்க. டப்பாவைப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல. "முதல்ல பால் குடும்மா, நான் பார்க்கிறேன்"னு உக்காந்துட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாங்க. பாப்பா வாய்க்குள்ள காம்பு மட்டும்தான் போயிருக்கு. அப்படிச் சப்பினா தாய்க்கு வலிக்கும், புள்ளைக்குப் பால் வராது. வாயை நல்லாத் திறக்க விட்டு, காம்பைச் சுத்தி இருக்கிற கருவட்டமும் உள்ள போற மாதிரி, வயித்தோட வயிறு ஒட்ட அணைச்சு வைக்கச் சொன்னாங்க. தாடை மார்புல பட்டிருக்கணும், விழுங்குற சத்தம் கேக்கணும்.

இன்னொரு தப்பு, நாங்க பெருமையா நினைச்சது. "பாப்பா தொந்தரவே பண்ணாது, அஞ்சு மணி நேரம் தூங்கும்"னு. எடை ஏறாத பச்சைப்புள்ள அவ்வளவு நேரம் தூங்கக் கூடாதாம். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலயும், எழுப்பிக் கொடுக்கணும். ஒரு நாளைக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவை. ஒரு பக்கம் நல்லா குடிச்சு முடிச்சப்புறம் அடுத்த பக்கம். மிச்சப் பாலைக் கையால பீய்ச்சி, பாலாடையில கொடுக்கணும்.

பாலாடைன்னா பால் மேல படியிற ஏடு இல்ல மக்களே, நம்ம பாட்டிமாருங்க வச்சிருந்த மூக்கு வச்ச சின்னக் கிண்ணம். சங்குன்னும் சொல்லுவோம். டாக்டருங்க இங்கிலீஷ்ல எழுதுற கட்டுரையிலயும் அதுக்குப் பேரு பாலாடைதான்! புட்டியை விட கழுவுறது சுலபம், கொதிக்க வைக்கிறது சுலபம். ஆனா மடியில போட்டு, வாயைப் பொளந்து ஊத்துறது கூடவே கூடாது. புரையேறும். உதட்டு ஓரமா வச்சு, விழுங்க விழுங்கக் கொடுக்கணும்.

கையோட குழந்தை டாக்டர்கிட்டயும் அனுப்பினாங்க. ரெண்டு வாரம் ஆகியும் பொறந்த எடைக்குப் பக்கத்துல வரலன்னா, நோய்த்தொற்று, இதயக்கோளாறு, நாக்கு ஒட்டியிருக்கிறது மாதிரி எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். எங்க பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. மூணு நாள் கழிச்சு வாங்கன்னாரு.

சரி, டப்பா கொடுத்தா என்ன தப்பு? தாய்ப்பால் காலியாகக் காலியாகத்தான் சுரக்கும். புட்டியில வயிறு நிறைஞ்ச புள்ள மார்புல சப்பாது. சப்பலன்னா சுரப்பு குறையும். "பால் இல்ல"ன்னு சொன்ன பொய் பத்து நாள்ல உண்மையாயிரும். இன்னொண்ணு எங்க பக்கத்துத் தண்ணி. உப்புத்தண்ணி கிணறு, குடம் கணக்குல காசு கொடுத்து வாங்குற தண்ணி, எந்தத் தொட்டியில எத்தனை நாள் கிடந்துச்சோ. அதுல பவுடரைக் கரைக்கிறது, டப்பா சீக்கிரம் தீர்ந்துரும்னு கூடத் தண்ணி ஊத்துறது... எடை ஏறுறதுக்குப் பதிலா வயித்துப்போக்குதான் வரும். 1992லயே பால்பவுடர் விளம்பரத்துக்குத் தடைச்சட்டம் போட்டது சும்மா இல்ல. டப்பா மேல குழந்தை படம் கூடப் போடக் கூடாது. அதே சமயம், சில தாய்மாருங்களுக்கு நிஜமாவே பால் போதாம இருக்கும். டாக்டர் அளவு சொல்லிக் கொடுக்கச் சொன்னா, தயங்காம கொடுக்கணும். அது தோல்வியும் இல்ல, பாவமும் இல்ல.

நம்ம பழக்கவழக்கத்துலயும் கொஞ்சம் கைவைக்கணும். பொறந்தவுடனே சேனை தொட்டு வைக்கிறோம்னு சர்க்கரைத் தண்ணியும் தேனும் கொடுக்கிறது, மஞ்சளா வர்ற சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுறது, பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி கொடுக்காம பத்தியம்னு பட்டினி போடுறது, இதெல்லாம் போதும். ஒரு வயசுக்குள்ள தேன் ஆபத்து. பால்சுறா புட்டு? தாராளமாப் போடுங்க. அதுல பால் ஊறுதோ இல்லையோ, பெத்தவ வயிறார சாப்பிடுவா. ஆனா புட்டு தின்னும் பால் வரலையேன்னு அவளைக் கேக்காதீங்க.

இதுல நம்ம மாவட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1980ல உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு, மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டியில சோதனையா ஆரம்பிச்சாங்க. அப்புறம் அது விரிஞ்ச மாவட்டங்கள்ல, அப்போ பிரிக்கப்படாத நம்ம ராமநாதபுரமும் ஒண்ணு. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை மாசாமாசம் நிறுத்து, அட்டையில புள்ளி வைப்பாங்க. எந்தப் பிள்ளையோட கோடு ஏறாம நின்னுச்சோ, அதுக்கு மூணு மாசம் சத்துணவும், தாய்க்கு விளக்கமும். கோடு ஏறிட்டா நிறுத்திருவாங்க. பச்சைப்புள்ளைக்கான திட்டம் இல்லதான். ஆனா அதுல இருந்த புத்தி எல்லா வயசுக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டுப் புள்ளையோட ஒப்பிடல, அந்தப் புள்ளையோட போன மாசத்தோடதான் ஒப்பிட்டாங்க. எடை கூடலன்னா அது திட்டுறதுக்கு இல்ல, உதவி பண்றதுக்கு. நாப்பது வருசத்துக்கு முன்னாடி நம்ம ஊருல நடந்ததை, நம்ம வீட்டுத் திண்ணையில மறந்துட்டோம்.

ஒல்லியா இருக்கிறது நோய் இல்ல. ஆறு ஏழு தடவை ஒண்ணுக்குப் போகுதா, முழிச்சிருக்கிறப்ப சுறுசுறுப்பா இருக்கா, கோடு ஏறுதா, அது போதும். ஆனா புள்ள பால் குடிக்கவே மாட்டேங்குது, எழுப்பினா எழும்பல, உடம்பு சில்லுன்னு இருக்கு இல்ல காய்ச்சல் அடிக்குது, மூச்சு வாங்குது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளா இருக்கு, ஒண்ணுக்கு ரொம்பக் குறைஞ்சிருச்சுன்னா இந்தப் பதிவை எல்லாம் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. உடனே 108க்குப் போன் பண்ணுங்க. ரெண்டரை கிலோவுக்குக் குறைவாப் பொறந்த பிள்ளைன்னா இன்னும் கவனம். தாயோட நெஞ்சுல துணி இல்லாம அணைச்சு வச்சிருக்கிற கங்காரு முறைய நர்சம்மாகிட்ட கேட்டுக்கங்க. 1978ல கொலம்பியாவுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது அது. இன்னைக்கு உலகம் பூரா ஏத்துக்கிட்ட வைத்தியம்.

எங்க பாப்பா? பதினஞ்சாம் நாள் 2 கிலோ 480. இருபதாம் நாள் 2 கிலோ 620, பொறந்த எடையத் தாண்டிருச்சு. நாப்பத்திரெண்டாம் நாள் 3 கிலோ 200. எல்லாம் ஒரே மெஷின்ல, துணி இல்லாம (அப்பா பக்கத்துல நின்னு சரிபார்த்தாரு!). டப்பாவைப் பிரிக்கவே இல்ல. இப்ப யாராவது வந்து "புள்ள மெலிவா இருக்கே"ன்னு ஆரம்பிச்சா, மாமியாரே "கோடு ஏறுதாம், நர்சம்மா சொல்லிட்டாங்க"ன்னு வாயை அடைச்சிர்றாங்க.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிறேன். அடுத்த தடவை பச்சைப்புள்ளையப் பார்க்கப் போனா, எடை எவ்வளவுன்னு கேக்காதீங்க. "நீ சாப்பிட்டியாத்தா, தூங்குனியா?"ன்னு பெத்தவளைக் கேளுங்க. அவ தூங்குற ஒரு மணி நேரம் புள்ளைய வச்சிருங்க. காப்பி அப்புறம் குடிக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, வெறும் தாய்மாமன். சந்தேகம்னா டாக்டரைப் பாருங்க. மொய் வைக்கணும்னா மட்டும் என்னைப் பாருங்க :)