பெரிய பேக்கேஜ் வாங்கும் முன் ஒரு சோதனை

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏற முடியாத பாட்டி, வீட்டிலேயே நேரலை பார்க்க உட்காருகிறார். காவடி படியேறும் நேரம் பார்த்துப் படம் உறைகிறது; திரையில் வட்டம் சுழல்கிறது. "லைன் சரியில்லை, அடுத்த மாதம் பெரிய பேக்கேஜுக்கு மாற வேண்டியதுதான்" என்கிறார் அப்பா.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். அப்பாவைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. வேகம் போதாததுதான் காரணம் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையே!

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் ஏற்பட்ட தண்ணீர்த் தடை நினைவிருக்கிறதா? தொட்டி நிரப்பி வைத்தவர்கள் சமாளித்தார்கள். வீடியோவும் அப்படித்தான். படம் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக இணையம் வழி வருகிறது. தொலைக்காட்சி அவற்றை நினைவகத்தில் சேர்த்து வைத்துக் கொண்டு, அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. அந்தத் தொட்டிதான் 'பஃபர்', தமிழில் இடையகம். வரத்து குறைந்து தொட்டி வற்றினால் வட்டம் சுழலும்.

பழைய திரைப்படம் என்றால் முழுப்படமும் சர்வரில் தயாராக இருக்கும்; தொட்டியை முன்கூட்டியே நிரப்பலாம். நேரலையில் அடுத்த நிமிடக் காட்சி இன்னும் நடக்கவே இல்லை. நடக்காததை எப்படிச் சேமிப்பது? கையிருப்பு சில விநாடிகளுக்கு மட்டுமே. அதனால்தான் அதே லைனில் திரைப்படம் தடையின்றி ஓடும், நேரலை மட்டும் திக்கும். நேரலைக்கு முதல் தேவை சீரான வரத்து.

கணக்கையும் பாருங்கள். எச்.டி. தரப் படத்துக்கு விநாடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் போதும். 100 மெகாபிட் லைனில் அப்படி 20 படங்கள் ஓட வேண்டும். ஒரு படமே நிற்கிறது என்றால், குழாயின் அளவை விட்டுவிட்டு அடைப்பைத் தேடுவதுதானே முறை?

அந்த அடைப்பு பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் செங்கற்சுவர்கள் தடித்தவை. வைஃபை அலை அவற்றைத் தாண்டும்போது வலுவிழக்கும். அடுக்குமாடி வீடுகளில் வேறு சிக்கல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் நடைமுறையில் மூன்றுதான். அவற்றை அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் பங்கு போடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் அது சுவரைக் கடப்பதில் இன்னும் பலவீனம்.

என் அக்காள் வீட்டில் கூடுதல் கட்டணம் கட்டிப் பெரிய பேக்கேஜுக்கு மாறினார்கள். நேரலை அப்போதும் நின்றது. போய்ப் பார்த்தால், ரௌட்டர் முன்னறையில் இரும்பு அலமாரிக்குள்; தொலைக்காட்சி இரண்டு சுவர் தாண்டிப் பின்னறையில்! ரௌட்டரை நடையில் உயரமான இடத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. கூடுதல் கட்டணம் மட்டும் ஒப்பந்தம் முடியும்வரை தொடர்ந்தது.

அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தீர்களே, அது தேர்வுக்கு மட்டுமா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில், அதே நேரலையைக் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி டேட்டாவில் பாருங்கள். அங்கும் நின்றால் கோளாறு பெரும்பாலும் ஒளிபரப்பும் இடத்தில். 2023 உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை இந்தியாவில் ஒரே செயலியில் ஒரே நேரத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். இப்படிக் கூட்டம் குவியும்போது சர்வர் திணறினால், நம் வீட்டுப் பேக்கேஜ் என்ன செய்யும்?

கைப்பேசியில் நன்றாக ஓடினால், ரௌட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். படம் சீரானால் குற்றவாளி வைஃபை. ரௌட்டரின் இடத்தை மாற்றுங்கள். கேபிளிலும் நின்றால், வீட்டில் மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு, காலையிலும் இரவு 9 மணிக்கும் வேகத்தை அளந்து நோட்டில் குறியுங்கள். இரவில் மட்டும் வேகம் விழுந்தால் நெரிசல் வீட்டுக்கு வெளியே.

அப்போது அந்த நோட்டுடன் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். பதில் வராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். "லைன் சரியில்லை" என்ற புலம்பலைத் தட்டிக் கழிக்கலாம். தேதியும் நேரமும் அளவும் எழுதிய தாளைத் தட்டிக் கழிப்பது கடினம்.

ஒரே நேரத்தில் பலர் பார்க்கும் வீட்டில் சிறிய பேக்கேஜ் உண்மையிலேயே போதாமல் போகலாம், மறுக்கவில்லை. ஆனால் அதையும் அளந்து பார்த்த பிறகே சொல்ல வேண்டும். வீட்டில் அறிவியல் படிப்பவர் நீங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அப்பாவுக்குப் பணம் மிச்சமாகலாம். பாட்டிக்குக் காவடி தடங்கலின்றித் தெரியும்.